கறுத்தால் அபாயம்: ஒரு புட்டிச் சோதனை

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் குடிநீரில் மலக்கிருமி கலந்திருக்கிறதா என்று அறிய ஆய்வகமும் இன்குபேட்டரும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். எடுத்த மாதிரியைக் குளிர்ச்சி குறையாமல் 24 மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுசேர்க்கவும் வேண்டும். ஏழை ஊர்களில் இதில் ஏதாவது ஒன்று தட்டிப்போகும். இந்தச் சிக்கலுக்காகவே குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். சிறு புட்டிக்குள் பெப்டோன், சோடியம் தயோசல்பேட், இரும்பு உப்பு கலந்த கரைசலில் நனைத்து உலர்த்திய காகிதத் துண்டு இருக்கும். கோடுவரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் போதும்; 30 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெப்பமே இன்குபேட்டரின் வேலையைச் செய்துவிடும். மலத்தோடு வரும் சால்மொனெல்லா, சிட்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் பெருகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிவரும். அது இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகும். ஓரிரு நாளில் தண்ணீர் மையாகக் கறுத்துவிடும்.

இது துல்லியமற்றது என்பார்கள். உண்மைதான். இந்தியத் தரநிலை 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்கிறது, ஈ.கோலையோ பொதுவாக இந்த வாயுவை உண்டாக்குவதில்லை. சில நிலத்தடி நீரில் மலக்கலப்பே இல்லாமலும் புட்டி கறுக்கும். ஆர்செனிக், ஃபுளோரைடு எதையும் இது காட்டாது. ஆனால் மாசு நேரம் பார்த்து வருவதில்லை. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை உள்ளே புகுந்துவிடும். மழை பெய்தால் கிணற்றுக்குள் இறங்கும். ஆய்வகத்திலிருந்து ஆண்டுக்கொரு முறை வரும் துல்லியமான எண் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசும். மாதந்தோறும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வைக்கும் புட்டிகள் அந்த இடைவெளியை நிரப்பும். வீண் எச்சரிக்கையால் நஷ்டம் தண்ணீரைக் காய்ச்சும் விறகு. தவறவிட்ட எச்சரிக்கை குழந்தையின் உயிரையே கேட்கலாம். கறுத்த இடத்து நீரை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால், அங்கிருக்கும் சொற்ப வசதியும் தேவையான இடத்தில் பயன்படும்.

சோதித்து என்ன பயன், சரிசெய்யக் காசு வேண்டாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஆனால் முதல் நடவடிக்கைகளுக்குப் பெருஞ்செலவு இல்லை: தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பது, குழாய்முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று பார்ப்பது, கசிவை அடைப்பது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பயிற்சி தரச் சொல்கிறது. நல்ல தொடக்கம், ஆனால் கறுத்த புட்டியைக் கண்டவர் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் அவர் சரிசெய்ய வேண்டும் என்பதும் விதியாக வேண்டும். எந்தக் குழாய், என்ன முடிவு, யார் சரிசெய்தார் என்று கிராம சபையில் வாசிக்கப்படும்போதுதான் சோதனை பாதுகாப்பாக மாறும்.