தார்ச்சாலையைக் கரைக்கும் எண்ணெய்த்துளி

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது ஒரு நிமிடம் தரையைக் கவனித்துப் பாருங்கள். வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் சாலை கறுத்து, பளபளவென்று இருக்கும். எஞ்சினிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த எண்ணெயின் கறை அது. நாளடைவில் அதே இடத்தில் ஜல்லி பெயர்ந்து உதிரத் தொடங்கும். அதன்மேல் புதுக் கலவையைக் கொட்டி ஒட்டுப் போட்டாலும், அந்த ஒட்டு நீண்ட நாள் நிற்பதில்லை. லாரிகளின் எடையைத் தாங்கும் சாலையை எண்ணெய்த்துளி எப்படிக் கெடுக்கிறது?

தார் என்பது எது?

உண்மையான தார், நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கும்போது கிடைப்பது. இன்று நம் சாலைகளில் போடப்படுவது பிட்டுமென் என்னும் பொருள். பேச்சுவழக்கில் இதையும் தார் என்றே சொல்கிறோம். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், மசகு எண்ணெய் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தபின் அடியில் தங்கும் கனமான பகுதியே பிட்டுமென். சாலைக் கலவையின் எடையில் இது ஏறக்குறைய 5 சதவீதம்தான். மற்றவை ஜல்லி, மணல், கல்தூள். ஆனால் அத்தனையையும் பிடித்து நிறுத்துவது இந்த 5 சதவீதமே.

இது பார்ப்பதற்குத் திடப்பொருள்போல் இருந்தாலும் மிக மிக மெதுவாக ஓடும் திரவத்தின் குணம் கொண்டது. இதன் உறவுப் பொருளான பிட்ச்சை வைத்து ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தாமஸ் பார்னெல் 1927-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். உருக்கிய பிட்ச்சை ஒரு புனலில் ஊற்றி இறுக விட்டு, 1930-இல் புனலின் அடிப்பகுதியைத் திறந்துவிட்டார். 2014 வரை விழுந்தவை 9 துளிகள் மட்டுமே! அதன் பாகுநிலை நீரைப்போல் ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனம் இனத்தோடு சேரும்

காலில் ஒட்டிய தாரைத் தண்ணீரால் எவ்வளவு கழுவினாலும் போகாது. தேங்காய் எண்ணெயைத் தேய்த்தால் இளகி வந்துவிடும். காரணம், ஒத்த தன்மையுள்ள மூலக்கூறுகள் ஒன்றில் ஒன்று எளிதில் கலக்கும். பிட்டுமென், டீசல், எஞ்சின் எண்ணெய் மூன்றும் ஹைட்ரோகார்பன்களால் ஆனவை. பிட்டுமெனின் மூலக்கூறுகள் மிகப் பெரியவை. எண்ணெயின் மூலக்கூறுகள் அவற்றைவிடச் சிறியவை. சிறியவை பெரியவற்றின் இடையே புகுந்து விலக்குவதால் பாகுநிலை குறைகிறது. இறுக்கம் தளர்ந்து, சக்கரம் உருளும்போது ஜல்லி கழன்றுவிடுகிறது. பெட்ரோல் நிலையங்களில் வண்டி நிற்கும் இடத்துக்கு வழக்கமாகக் கான்கிரீட் போடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? எண்ணெய் சிமெண்டில் கறை படுத்தும். ஆனால் சிமெண்டைக் கரைக்காது.

ஒட்டு ஏன் ஒட்டுவதில்லை?

பலாப்பழம் நறுக்குமுன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். பால் தோலைத் தொடாதபடி எண்ணெய்ப் படலம் நடுவில் நின்று தடுக்கிறது. எண்ணெய்க் கறையின்மேல் புதுக் கலவையைப் போடுவதும் அப்படித்தான். பழைய பரப்புக்கும் புதிய பரப்புக்கும் இடையே ஒட்டும் விசை உண்டாக எண்ணெய் விடுவதில்லை. அது மட்டுமா? கீழே தேங்கிய எண்ணெய் மேலே ஊறி, புதிய பிட்டுமெனையும் இளக்கத் தொடங்குகிறது.

ஆகவே முதலில் கறையை நீக்க வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிக் கழுவலாமா? கூடவே கூடாது. அவை கறையோடு சாலையையும் கரைத்துவிடும். தீ விபத்தும் நேரலாம். சரியான முறை இதுதான்: மணலையோ மரத்தூளையோ தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டு, கூட்டி அள்ள வேண்டும். பிறகு சோப்புத்தூள் கரைசலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றுவதால் எண்ணெய் பிரிந்து வரும். அந்த அழுக்கு நீர் சாக்கடையிலோ கிணற்றடியிலோ சேராமல் பார்த்துக்கொள்வது அவசியம். தரை காய்ந்தபின் சில துளி நீர் தெளியுங்கள். தேய்ந்த பழைய சாலையில் நீர் பரவினால் பெரும்பாலும் கறை போய்விட்டது எனலாம்; முத்துமுத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சாலையே இளகிப்போயிருந்தால் கழுவிப் பயனில்லை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, குழியின் அடியிலும் ஓரங்களிலும் பிட்டுமென் பால்மம் பூசி, அதன்பிறகே புதுக் கலவையை இட்டு இறுக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு ஓட்டுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் நன்றாக எண்ணெய் தடவுங்கள். பெரியவர் ஒருவர் துணையுடன், இரண்டின் மேலும் மெழுகுவத்தியின் உருகிய மெழுகைச் சொட்டவிட்டு ஆற விடுங்கள். பிறகு நகத்தால் பெயர்த்துப் பாருங்கள். எது எளிதில் வருகிறது?

வானவில்லும் வழுக்கலும்

ஈரச் சாலையில் எண்ணெய்ப் படலம் வானவில் நிறங்களைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகளின் குறுக்கீட்டு விளைவு அது. அங்கே படலத்தின் தடிமன், ஒரு மில்லிமீட்டரை 2,000 பாகமாக்கினால் வரும் ஒரு பாகம் அளவில்தான் இருக்கும். கண்ணுக்கு அழகான அந்தப் படலம் சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே உராய்வைக் குறைக்கிறது. நெடுநாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் தூறலில், எண்ணெயும் தூசியும் நீரும் குழைந்து சாலை மிகவும் வழுக்கும். சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் மாணவர்களே, அன்று வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கைத் திடீரென்று அழுத்தாதீர்கள். உங்கள் வீட்டு வண்டி நிற்கும் இடத்தில் புதிதாகக் கறை தெரிந்தால், கழுவுவதற்கு முன்னால் ஒழுகலை அடைக்கச் சொல்லுங்கள். துளி நின்றால்தான் ஒட்டும் நிற்கும்.