ரேடியான் 4870: நினைவகம் வென்ற தலைமுறை

ரேடியான் எச்.டி. 4000 வரிசை கிராபிக்ஸ் கார்டுகள் 2008 ஜூன் மாதம் கடைக்கு வந்தன. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிட்டுத் தருவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. இந்த வரிசையை உருவாக்கியது, 2006இல் ஏ.எம்.டி. நிறுவனம் வாங்கிய கனடாவின் ஏ.டி.ஐ.

2007 மே மாதம் அந்தக் குழு வெளியிட்ட எச்.டி. 2900 எக்ஸ்.டி. சரியாகப் போகவில்லை. பெரிய சில்லு, நினைவகத்துக்குத் தரவு போய்வர 512 பிட் அகலப் பாதை. பாதை அகன்றால் பலகையில் தடங்கள் பெருகும், செலவும் ஏறும். மின்சாரத்தையும் அது நிறைய இழுத்தது. இத்தனைக்கும் போட்டி நிறுவனமான என்விடியாவின் 8800 ஜி.டி.எக்ஸை அதனால் முந்த முடியவில்லை.

அடுத்து, சில்லைச் சிறிதாக வைப்பது என்று முடிவானது. அப்படி வந்த எச்.டி. 4000 வரிசையில், 4870இன் சில்லு 256 சதுர மில்லிமீட்டர்தான், அதற்குள் 95.6 கோடி டிரான்சிஸ்டர்கள், 800 கணக்கீட்டு அலகுகள். முந்தைய 3870இல் இருந்தவை 320. அதே மாதம் 649 டாலருக்கு வந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 280இன் சில்லு 576 சதுர மில்லிமீட்டர். 4870இன் விலையோ 299 டாலர்.

ஆனால் 800 அலகுகளுக்கும் ஓயாமல் தரவு வந்துசேர வேண்டுமே! உண்மையான சாதனை இங்கேதான் இருக்கிறது. பாதையை அகலமாக்காமல், அதில் தரவு ஓடும் வேகத்தைக் கூட்டினார்கள். ஜி.டி.டி.ஆர்.5 என்ற புதுவகை நினைவகம் அதற்கு வழிசெய்தது. இந்த வரிசையின் 4850, 4870 இரண்டிலும் ஒரே சில்லு, ஒரே 256 பிட் பாதை. பழைய ஜி.டி.டி.ஆர்.3 நினைவகம் பொருத்திய 4850இல் நொடிக்குச் சுமார் 64 ஜிகாபைட் போய்வந்தது. 4870இல் 115 ஜிகாபைட்.

அந்த நினைவகத்தை முதலில் வழங்கியது ஜெர்மனியின் கிமோண்டா. இந்தப் பெயர் மலேசியாவின் மலாக்காவுக்குப் புதிதல்ல. 1973இல் சீமென்ஸ் இங்கே சில்லு ஆலை தொடங்கியது. 1999இல் அதன் சில்லுப் பிரிவு இன்ஃபினியன் ஆனது. 2006இல் அதன் நினைவகப் பிரிவு கிமோண்டா எனப் பிரிந்தது. கிமோண்டா நினைவகச் சில்லுகளைப் பொதிந்து சோதித்த ஆலைகளுள் ஒன்று மலாக்காவில் இருந்தது. பால்மரத் தோட்டங்களில் பிறந்து, ஃபேக்டரி பஸ் ஏறி பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போன தமிழர்களுக்கு இந்தத் தொழில் நன்கு தெரியும்: வேஃபர் என்ற சிலிக்கான் தகட்டை அறுப்பது, துண்டுகளை ஒட்டுவது, முடியைவிட மெல்லிய கம்பியால் இணைப்பது, பிசினால் மூடுவது, சூட்டில் ஓடவிட்டுப் பழுதானதைக் கழிப்பது. வடிவமைத்தவர்களைப் பற்றி எழுதப்படும் அளவுக்கு இந்தக் கைத்திறன் எழுதப்படுவதில்லை, எழுதப்பட வேண்டும். பொதியாத சில்லு எந்தப் பலகையிலும் ஏறாது.

நினைவகத்தின் விலை சரிந்ததால் 2009 ஜனவரியில் கிமோண்டா நொடித்துப்போனது. சாம்சங்கும் ஹைனிக்ஸும் ஜி.டி.டி.ஆர்.5 தயாரிப்பைத் தொடர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் என்விடியாவும் அதற்கு மாறத் தொடங்கியது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இலும் 8 ஜிகாபைட் ஜி.டி.டி.ஆர்.5 இருந்தது.