பக்தியும் இருக்கட்டும்... பிள்ளையும் இருக்கட்டும்!

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். வயசு ஏற ஏற, பிள்ளைக்கு ஒரு விஷயம் உறைக்கிறது. ‘மத்த பசங்க மாதிரி எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு வரலையே!’ யாரிடம் சொல்ல முடியும்? பாவம் என்று விரட்டிவிட்டால்?

அமெரிக்காவில் இந்த ஊமைக் காயத்தைப் பாட்டாகவே போட்டுவிட்டார்கள். ‘குட் டே’ என்பது பாட்டின் பெயர். பாடியவர் ஃப்ளேமி கிரான்ட். ‘டிராக்’ எனப்படும் பெண் வேடத்தில் மேடையேறும் கலைஞர். கிறிஸ்தவப் பாடகி ஆமி கிரான்ட்டின் பெயரைத்தான் இப்படி மாற்றி வைத்துக்கொண்டார்! கூடப் பாடியவர் டெரக் வெப், ‘கேட்மன்ஸ் கால்’ என்ற கிறிஸ்தவ இசைக்குழுவில் பெயர் வாங்கியவர்.

இந்தக் கூட்டணியை 2023-ல் ஒரு பிரசங்கியார் கடுமையாகச் சாடினார். என்ன ஆச்சு தெரியுமா? ரசிகர்கள் போட்டி போட்டு வாங்க, ஐட்யூன்ஸ் கிறிஸ்தவப் பாடல் பட்டியலில் ‘குட் டே’ முதலிடத்துக்கே போய்விட்டது!

‘அதுசரி, ஆரோக்கியப் பத்திரிகையில இதுக்கென்ன வேலை?’ என்கிறீர்களா? இருக்கிறது.

‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் 2009-ல் கெய்ட்லின் ரயன் குழுவினரின் ஆய்வு வெளியானது. கலிஃபோர்னியாவில் தன்பால் ஈர்ப்புள்ள இளைஞர்கள், இளம்பெண்கள் 224 பேரை விசாரித்தார்கள். வளரும் வயசில் வீட்டார் கடுமையாக வெறுத்து ஒதுக்கியவர்களில் தற்கொலை முயற்சி, அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகம். மனச்சோர்வு 5.9 மடங்கு!

தன்பால் ஈர்ப்பு நோயே அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ‘மாத்திக் காட்டறேன்’ என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என்று நம் தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் சொல்லிவிட்டது. அதனால் மந்திரிப்பது, ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்’ என்பது... வேண்டவே வேண்டாம். வருகிற பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்தல்லவா பாழாகும்?

பிள்ளை வாய் திறந்தால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். மனசு ஏற்க நாளாகலாம், தப்பில்லை. ஆனால், ‘வீட்டை விட்டுப் போ’ என்ற வார்த்தை மட்டும் வரக்கூடாது. சாமியைக் காட்டிப் பயமுறுத்தவும் வேண்டாம். உங்களைப் போலவே அதற்கும் பக்தி இருக்கும்!

சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், சாவைப் பற்றிப் பேசுகிறதா? தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. ராத்திரி, பகல் எந்நேரமும் பேசலாம்.

‘நீ எப்படி இருந்தாலும் எங்க புள்ளதான்.’ இந்த ஒரு வார்த்தைக்கு ஈடான மருந்து எந்தக் கடையிலும் இல்லை!