28 பவுண்டு போதும்!

ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குளிர்காலம். ஜான் வெஸ்லியைப் பார்க்க ஓர் ஏழைச் சிறுமி வந்தாள். அவரும் நண்பர்களும் படிக்கவைத்த பிள்ளைகளில் ஒருத்தி. மெல்லிய கவுன் ஒன்றைத் தவிர அவளிடம் வேறு உடுப்பு கிடையாது. உதவலாம் என்று பைக்குள் கைவிட்டால், காசு இல்லை. அப்போதுதான் தன் அறைச் சுவரில் அழகுக்காக மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார். இந்தப் பெண்ணின் குளிரைப் போக்கியிருக்கவேண்டிய பணம் அல்லவா சுவரில் தொங்குகிறது! வயதான பிறகும் அந்த உறுத்தலைப் பிரசங்கத்தில் சொன்னார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி (1703 - 1791), பணத்தைத் திட்டியவர் அல்ல. பணமே தீமைக்கு வேர் என்று பைபிள் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். பண ஆசைதான் வேர் என்கிறது அது. வெஸ்லிக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பணம் இல்லாத கொடுமையும் தெரியும். அவருக்கு 2 வயதானபோது, பாதிரியாரான அப்பா கடனுக்காகச் சிறைக்குப் போனவர்.

நன்றாகச் சம்பாதி, ஆனால், உன் உடம்பையும் அடுத்தவர் பிழைப்பையும் கெடுத்துச் சம்பாதிக்காதே. வீண் செலவு செய்யாதே. மிச்சத்தைக் கொடு. இதுதான் அவர் போதனை. கொடுப்பதிலும் வரிசை உண்டு. முதலில் குடும்பத்தின் தேவை, அதில் வீட்டு வேலைக்காரர்களும் அடக்கம். பிறகே மற்றவர்கள். மனைவி, மக்களைப் பட்டினி போட்டு தர்மம் செய்யச் சொல்லவில்லை.

பெயர் சொல்லாமல் ஓர் இளைஞனின் கணக்கை அவர் சொன்னார். அது அவரேதான் என்பது பலரின் கருத்து. ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28-ல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தான். அடுத்த ஆண்டு 60 பவுண்டு. செலவு அதே 28, கொடுத்தது 32. பிறகு 90, 120 என்று வருமானம் ஏறியது. செலவு ஏறவே இல்லை. நான்காம் ஆண்டில் ஏழைகளுக்குப் போனது 92 பவுண்டு. சம்பளம் உயர்ந்த மாதமே தவணையில் பெரிய டி.வி. வாங்கும் நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான கணக்குதான்.

தர்மத்தோடு கைமாற்றும் கொடுத்தார். லண்டனில் பணம் திரட்டி, சிறு தொழில் செய்பவர்களுக்கு 20 ஷில்லிங் வரை கடன். 3 மாதத்தில் திருப்பவேண்டும். ஒரே ஆண்டில் 250 பேர் பயனடைந்தார்கள். பிற்பாடு இதே நிதியில் 5 பவுண்டு வாங்கிய ஜேம்ஸ் லாக்கிங்டன், லண்டனின் மிகப் பெரிய புத்தக வியாபாரிகளில் ஒருவரானார். வசதி வந்ததும் மெதடிஸ்ட்களையே கேலி செய்து எழுதினார் என்பது தனிக்கதை.

வெஸ்லியின் கடைசிக்காலக் கவலையும் ஏறக்குறைய அதுதான். உழைப்பும் சிக்கனமும் அவருடைய ஆட்களைப் பணக்காரர்கள் ஆக்கின. முதல் இரண்டு பாடங்களைக் கற்றவர்கள் மூன்றாவதை மறந்தார்கள். அதைக் கண்டிக்காமல் அவர் விட்டதில்லை.

சாவுக்கும் கணக்கு எழுதிவைத்திருந்தார். சவ வண்டி வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம். 6 ஏழைகள் சுமந்தால் போதும். ஆளுக்கு ஒரு பவுண்டு கூலி.