ஏஐ கட்டிவிட்ட சேலையும் ஆரணித் தறியும்

(பேசியதை வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

2025 செப்டம்பர்ல உங்க இன்ஸ்டாகிராம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? கூகுள் ஜெமினியில ஒரு செல்ஃபியைப் போட்டா போதும். பழைய ஹிந்திப் படத்து ஹீரோயின் மாதிரி உங்களுக்குச் சேலை கட்டி, தலையில பூ வச்சு, சாயங்கால வெயில்ல நிக்க வச்சுக் குடுத்துடும். 'நானோ பனானா' ட்ரெண்ட். கொஞ்ச நாள் ஊரே சேலையில இருந்துச்சு. ஃப்ளீட்ஸ் எடுக்கத் தெரியாதவங்க, சேலைன்னாலே ஓடுறவங்க, எல்லாரும்.

நான் ஆரணிக்காரன். திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாகநதிக் கரை. ஊர்ல எங்க பெரியப்பா இன்னும் தறியில உக்கார்றார். நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தி பட்டுச் சேலை வெர்ஷன் ஒண்ணு போட்டிருந்தா, அதை அவகிட்ட கேட்டுட்டு பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். பத்து நிமிஷத்துல போன்.

"இன்னாடா இது, யார் நெய்ஞ்சது?"

"கம்ப்யூட்டர் வரைஞ்சது பெரியப்பா."

"அதான பாத்தேன். முந்தியில ஒரு மாங்கா, கொசுவத்துல வேற மாங்கா, தோள்ல இன்னொரு மாங்கா. இதுக்கு எத்தினி அட்டை அடிக்கிறது?"

நமக்கெல்லாம் முகம் சரியா வந்திருக்கா, கை விரல் அஞ்சா ஆறான்னுதான் கண்ணு போகும். அவருக்குக் கரைக்குப் போயிருக்கு. அவர் சொன்ன 'அட்டை' என்னன்னு தெரிஞ்சா இந்தக் கதை இன்னும் நல்லா இருக்கும்.

பட்டுத் தறின்னா அடிப்படையில ரெண்டு நூல்தான். நீளவாக்குல இழுத்துக் கட்டியிருக்கிறது பாவு. குறுக்க நாடாவுல ஓடுறது ஊடை. டிசைன் வேணும்னா, ஒவ்வொரு தடவை நாடா ஓடும்போதும் எந்தெந்தப் பாவு இழை மேல தூக்கணும், எது கீழ இருக்கணும்னு தறிக்குச் சொல்லணும். அதைச் சொல்றதுதான் அட்டை. தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதுல ஓட்டை போட்ட அட்டைகளைச் சங்கிலி மாதிரி கோத்துத் தொங்க விட்டிருப்பாங்க. ஓட்டை இருக்கிற இடத்துல இழை தூக்கும், இல்லாத இடத்துல தூக்காது. ஒரு அட்டை, ஒரு வரி. சங்கிலி முடிஞ்சா திரும்ப முதல் அட்டை. அதனாலதான் முதல் மாங்காவும் கடைசி மாங்காவும் அச்சு அசலா ஒண்ணா இருக்கும். ஆளுக்கொரு மாங்கா வேணும்னா ஒவ்வொண்ணுக்கும் தனி அட்டைச் சங்கிலி அடிக்கணும். ஏஐக்கு அந்தக் கவலை இல்ல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்தப் பெட்டியை ஃபிரான்ஸ்ல 1804 வாக்குல ஜோசப் மேரி ஜக்கார்ட் உருவாக்கினார். அதைப் பார்த்துத்தான் சார்ல்ஸ் பாபேஜ் தன்னோட அனலிட்டிகல் எஞ்சினுக்கு ஓட்டை அட்டையில கட்டளை கொடுக்கலாம்னு திட்டம் போட்டார். 1890-ல அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் ஓட்டை அட்டையில எண்ணினார். அவரோட கம்பெனி சேர்ந்து உருவானதுதான் பின்னாடி ஐபிஎம். ஓட்டை இருக்கு, இல்ல. ஒண்ணு, பூஜ்யம். அதாவது ஜெமினியோட கொள்ளுத்தாத்தா எங்க பெரியப்பா தலைக்கு மேல டக்கு டக்குனு ஆடிக்கிட்டு இருக்கார். இப்ப நிறைய இடத்துல அட்டைக்குப் பதிலா எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துடுச்சு, டிசைன் பென் டிரைவ்ல போகுது. ஆனாலும் நாடாவைத் தள்றது கைதான்.

சரி, சேலைப் படம் போட்டதுல என்ன தப்பு? ஒரு தப்பும் இல்ல. என்னை உறுத்தினது வேற. இவ்ளோ பேர் சேலையைப் பார்த்தோம், 'இது எந்த ஊர் நெசவு'ன்னு ஒருத்தர் கமெண்ட் போடல. ஏஐ சேலைக்கு ஊர் கிடையாது, சரி. ஆனா நிஜச் சேலைக்கும் நாம கேக்கிறது இல்லையே.

யார் பேர் போடுறது?

2018 நவம்பர்ல தீபிகா படுகோன் இத்தாலியில லேக் கோமோ பக்கத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டப்போ ஒரு பட்டுச் சேலை கட்டினாங்க. முதல்ல அது ஒரு பெரிய டிசைனர் பேர்ல ஓடுச்சு. அப்புறம் அவரே, அது பொண்ணோட அம்மா குடுத்தது, பெங்களூர் கடை ஒண்ணுல வாங்கினதுன்னு விளக்கம் குடுத்தார். டிசைனரா, கடையான்னு நியூஸ்ல பெரிய விவாதம். நெய்தவர் யாருங்கிற கேள்வி அந்த விவாதத்துக்குள்ளயே வரல.

2025 ஜூன்ல பிராடா மிலன் ஃபேஷன் ஷோவுல கோலாப்பூர் செருப்பு மாதிரியே ஒண்ணை மாடல்கள் காலில் மாட்டி நடக்க விட்டாங்க. பேர் வெறும் 'தோல் செருப்பு'. இங்க கொதிச்சாங்க. ஏன்னா கோலாப்பூரிக்கு 2019-லயே புவிசார் குறியீடு இருக்கு, நாம ஜிஐ-ன்னு சொல்றது. கடைசியில இந்தியக் கைவினைதான் தூண்டுதல்னு பிராடா ஒத்துக்கிச்சு. நானும் அன்னைக்குக் கோவமா ஸ்டோரி போட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, இத்தாலிக்காரன் பேரை மறைச்சா நமக்குக் கோவம் வருது. அதே வேலை நம்ம ஊருக்குள்ள தினம் நடக்குது.

ஆரணிப் பட்டுக்குன்னு தனியா ஜிஐ இருக்கு, தெரியுமா? நிறைய பேருக்குத் தெரியாது. காஞ்சிபுரம் பட்டுக்கு ஒண்ணு, சேலம் வெண்பட்டுக்கு ஒண்ணு, ஆரணிப் பட்டுக்கு ஒண்ணு. ஆனா தி.நகர்ல போய் ஆரணிப் பட்டுன்னு எழுதின போர்டு எத்தனை பார்த்திருக்கீங்க? ஆரணியில இருந்து செய்யாறு வழியா காஞ்சிபுரத்துக்கு பஸ்ல ரெண்டு மணி நேரம்தான். அந்த ரெண்டு மணி நேரத்துல சேலைக்குப் பேர் மாறிடும். இது எங்க ஊர்ல ரகசியமே இல்ல.

ரெண்டும் ஒண்ணான்னு கேட்டா, இல்ல. காஞ்சிபுரத்துப் பாரம்பரியச் சேலை கனம். முறுக்கு நூல், கோர்வைக் கரை, அதாவது உடலும் கரையும் வேற வேற நாடாவுல ஓடி ஒவ்வொரு வரியிலயும் கோத்துக்கிட்டு வரும், கூட ஒரு ஆள் உக்காரணும். ஆரணி பேர் வாங்கினது லேசான சேலைக்கு. எடை கம்மி, ஜரிகை கம்மி, விலையும் கம்மி. ஆபீஸ்ல எட்டு மணி நேரம் கட்டிக்கிட்டு உக்காரணும், மெட்ரோவுல ஏறி இறங்கணும்னா உங்களுக்கு வேண்டியது அதுதான். அதை 'குறைஞ்ச காஞ்சிபுரம்'னு விக்கிறதுதான் எனக்குப் புரியவே இல்ல.

பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவருக்குப் பெருசா படல. "பேரை வச்சிக்கினு இன்னாடா பண்றது? கூலி ஏறுமா?" அவர் கேக்கிறதுல நியாயம் இருக்கு. ஆனா நான் ஒத்துக்கல. பேர் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் விலையைச் சொல்றாங்க. விலையைச் சொல்ல முடியாதவர் கூலியை மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

கூலின்னதும் ஒரு கணக்கு. 2019-20-ல எடுத்த நாலாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுக்கச் சுமார் 35 லட்சம் பேர் கைத்தறியிலயும் அதைச் சார்ந்த வேலையிலயும் இருக்காங்கன்னு சொல்லுது. நெசவாளர் குடும்பங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மாச வருமானம் 5,000 ரூபாய்க்குள்ள. தனி ஆளுக்கில்ல, குடும்பத்துக்கு. ஏன்னா ஒரு தறின்னா ஒரு ஆள் இல்ல. தார் சுத்துறது, பாவு பிணைக்கிறது, ஒட்டினது அறுந்தது பார்க்கிறது எல்லாம் வீட்டுப் பொம்பளைங்க கை. கூலி மட்டும் ஒரு சேலைக்கு ஒண்ணு. மழைக்காலத்துல குழித்தறியில தண்ணி ஊறிட்டா அந்த வாரம் அதுவும் கிடையாது.

இதுக்கு நடுவுல 2025-ல தங்கமும் வெள்ளியும் ஏறின ஏத்தம் உங்களுக்கே தெரியும். நியூஸ்ல எல்லாம் நகைக்கடை வாசல்லதான் மைக் நீட்டினாங்க. தறிக்கும் அந்த அடி விழுந்துச்சு. அசல் ஜரிகைன்னா நடுவுல பட்டு இழை, அதைச் சுத்தித் தட்டையான வெள்ளிக் கம்பி, அதுக்கு மேல தங்க முலாம். அதனால வெள்ளி ஏறினா ஜரிகை ஏறும். பட்டும் ஜரிகையும் குடுத்து நெய்ய வைக்கிறவர் என்ன பண்ணுவார்? ஜரிகை விலையைக் குறைக்க முடியாது, பட்டு விலையைக் குறைக்க முடியாது. பாவு குடுக்கிறதைக் குறைப்பார், இல்லன்னா மட்ட ஜரிகைக்கு மாறுவார். பாவு வரலைன்னா தறி சும்மா கிடக்கும். பெரியப்பா தறி தீபாவளிக்கு அப்புறம் மூணு வாரம் அப்படித்தான் கிடந்துச்சு. அவர் பையன், எங்க அண்ணன், இப்ப ஒரகடத்துல கம்பெனி பஸ்ல ஏறுறான். அவனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

பிரகாஷ்ராஜ் நடிச்ச 'காஞ்சிவரம்' பார்த்திருக்கீங்களா? பிரியதர்ஷன் படம், சிறந்த படத்துக்கும் சிறந்த நடிகருக்கும் தேசிய விருது வாங்குச்சு. மக கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை கட்டி அனுப்புறேன்னு வாக்கு குடுத்த நெசவாளி, வேலை செய்ற இடத்துல இருந்து பட்டு இழையைக் கொஞ்சம் கொஞ்சமா வாயில ஒளிச்சு எடுத்துட்டு வருவார். கதை நடக்கிறது சுதந்திரத்தை ஒட்டின காலத்துல. எங்க பெரியம்மா அந்தப் படத்தைப் பாதியிலயே எழுந்துட்டாங்க. கல்யாணத்துல அவங்க கட்டினதும் பட்டு இல்ல.

பிலிப்பைன்ஸ்ல இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. 1992-ல ஒரு சட்டம் போட்டு, பாரம்பரியக் கலைஞர்களை 'வாழும் தேசியச் செல்வம்'னு அறிவிக்கிறாங்க. பட்டத்தோட மாசா மாசம் உதவித்தொகையும் உண்டு, பதிலுக்கு அவங்க அடுத்த தலைமுறைக்குக் கத்துக் குடுக்கணும். வாழைக் குடும்பத்து நாரில் துணி நெய்த லாங் துலாய்ங்கிற பாட்டிக்கு 1998-ல அப்படிக் கிடைச்சுது. பச்சை குத்துற வாங்-ஓட் பாட்டியை 2023 ஏப்ரல்ல வோக் பத்திரிகை அட்டையிலயே போட்டாங்க, அப்ப அவங்களுக்கு 106 வயசுன்னு சொன்னாங்க. நம்ம ஊர்லயும் நெசவாளர்களுக்கு தேசிய விருது, சந்த் கபீர் விருதெல்லாம் இருக்கு, ஆகஸ்ட் 7 கைத்தறி நாள் இருக்கு. ஆனா ஒரு நெசவாளி பேர் சொல்லுங்கன்னு கேட்டா, நம்ம வாய்ல வர்ற ஒரே பேர் அந்தக் கபீர்தான்!

ஒரு மெசேஜுக்குப் பதில்

போன எபிசோட்ல ஆரணின்னு லேசா சொன்னதும் ஒருத்தர் எழுதியிருந்தாங்க: "முதல் சம்பளத்துல அம்மாவுக்குப் பட்டு எடுக்கணும், கைத்தறின்னு எப்படி நம்புறது?"

முதல்ல ஒண்ணு. ஜரிகை, கரை வச்ச பட்டுச் சேலையை விசைத்தறியில நெய்யக் கூடாதுன்னு 1985-லயே மத்தியச் சட்டம் இருக்கு, கைத்தறிக்கு ஒதுக்கின ரகங்கள் பட்டியல்ல சேலைதான் முதல்ல. ஆனாலும் விசைத்தறிப் பட்டு வருது, எங்க ஊர் நெசவாளர்கள் காலங்காலமா போடுற சண்டை அது.

கடையில மூணு முத்திரை பார்ப்பீங்க, மூணும் வேற வேற கேள்விக்குப் பதில். சில்க் மார்க் இருந்தா நூல் சுத்தமான பட்டு, அவ்வளவுதான். விசைத்தறியில நெய்தாலும் அது கிடைக்கும். ஹேண்ட்லூம் மார்க் இருந்தா கைத்தறி. ஜிஐ முத்திரை இருந்தா எந்த ஊருன்னு தெரியும். சில்க் மார்க்கைக் காட்டி 'கைத்தறிதாம்மா'ன்னு சொன்னா நம்பாதீங்க. சேலையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க, கை வேலைன்னா எங்கேயாவது ஒரு சின்ன பிசிறு, ஒரு முடிச்சு இருக்கும்.

அப்புறம், பில்லுல ஊர்ப் பேர் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். 'ஆரணி'ன்னு யாராவது எழுதிக் குடுத்தா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, பெரியப்பாவுக்கு ஃபார்வர்ட் பண்ணணும்.