மஞ்சள் கட்டம் பச்சையானால்...

"காலு வீங்குகது பிள்ளத்தாச்சிக்கு உள்ளதுதானே அக்கா, அதுக்கு மூத்திரம் பாக்கணுமா?" மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு, ஏழு மாத மகளோடு வந்த அம்மா கேட்டார்.

ஸ்டிரிப்பை நனைத்தேன். அறுபதாவது விநாடியில் புரதக் கட்டம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது. சிறுநீரில் புரதம் இறங்கி, ரத்த அழுத்தமும் ஏறினால் தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து. டாக்டர் பிரஷர் பார்த்து அன்றைக்கே அட்மிட் செய்துவிட்டார்.

நான் படித்த காலத்தில் சர்க்கரை பார்க்க, 5 மில்லி பெனடிக்ட் திரவத்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறம் வரை போகும். நனைத்தாலே நிறம் மாறும் சர்க்கரை ஸ்டிரிப்பை 1956-ல் அமெரிக்காவில் கொண்டு வந்தவர்கள் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதி. அடுப்பு வேலை மிச்சம்! இப்போது ஒரே ஸ்டிரிப்பில் பத்துக் கட்டம்கூட உண்டு.

ஸ்டிரிப்பும் ஏமாறும். வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிட்டால், இருக்கிற சர்க்கரையைக் காட்டாமல் விட்டுவிடலாம். மாதவிலக்கு நாளென்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். ரத்தக் கட்டம் நிறம் மாறும். நம்ம ஊரிலோ வருஷத்துக்கு இரண்டு மழை. டப்பா மூடி திறந்து கிடந்தால் ஈரத்தில் ஸ்டிரிப்பே பாழ். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

காலையில் முதலில் போவதில், ஆரம்பத்தை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். வீட்டுத் தேன் பாட்டிலைக் கழுவிக் கொண்டு வராதீர்கள், ஒட்டியிருக்கும் தேனே சர்க்கரை காட்டிவிடும்! லேபில் தரும் டப்பா போதும். பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் தந்துவிடுங்கள்.