கணிப்பொறிக்கும் ஒரு குத்தகைச் சீட்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

அலுவலகம், வங்கி, மருத்துவமனை, கல்லூரி என எங்கு நோக்கினும் இன்று கணிப்பொறியே முன்னிற்கிறது. அதனை இயங்க வைப்பது இயக்க மென்பொருள். விலை கொடுத்து வாங்கிய நிறுவனம் அம்மென்பொருளுக்கு உரிமையாளர் ஆகிவிடுகிறதா? இல்லை என்பதே விடை. ஏன் என்பதைக் காண்போம்.

உரிமம் என்பது யாது?

நிலத்தைக் கிரயம் வாங்குவது வேறு. குத்தகைக்கு எடுப்பது வேறு. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குத்தகைக்காரர் பயிர் செய்யலாம். நிலத்தை விற்க முடியாது. மென்பொருள் உரிமமும் ஏறத்தாழ அத்தகையதே. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸை நமக்கு விற்பதில்லை; இன்ன நிபந்தனைகளின்படி பயன்படுத்தலாம் என்று இசைவு தருகிறது. புதுக் கணிப்பொறியோடு சேர்ந்து வரும் உரிமம் பொதுவாக அந்தக் கணிப்பொறிக்கு மட்டுமே உரியது. பல கணிப்பொறிகள் உள்ள நிறுவனங்களுக்கு மொத்த உரிமம் உண்டு. ஆனால் மேசைக் கணிப்பொறிகளைப் பொறுத்தவரை அது மேம்படுத்தும் உரிமமே. தகுதியுள்ள அடிப்படை உரிமம் ஒன்று முன்னரே இருந்தாக வேண்டும். இதைப் பலர் அறிவதில்லை.

ஆக்டிவேஷன் வந்த கதை

2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, கணிப்பொறியின் உறுப்புகளின் அடையாளத்தை ஓர் எண்ணாகச் சுருக்கி, மென்பொருளின் திறவு எண்ணோடு இணைத்துச் சரிபார்த்தது. இதுவே ஆக்டிவேஷன். 30 நாட்களுக்குள் இதைச் செய்யாவிடில் உள்ளே நுழைய இயலாது. மொத்த உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விளைவு என்ன? அத்தகைய திறவு எண் ஒன்று வெளியே கசிந்து உலகெங்கும் பரவியது. 2002-ல் வந்த முதல் திருத்தத் தொகுப்பு, கசிந்த எண்களை ஏற்க மறுத்தது.

இந்தப் பட்டறிவால், அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் நிறுவனங்களுக்கும் ஆக்டிவேஷன் கட்டாயமாயிற்று. அதற்கு இரு வழிகள் வகுக்கப்பட்டன. ஒன்று, எம்.ஏ.கே. எனப்படும் எண். இன்னின்ன எண்ணிக்கை வரைதான் இதைப் பயன்படுத்தலாம். ஒரு கணிப்பொறிக்கு ஒருமுறை செய்தால் போதும்.

மற்றொன்று கே.எம்.எஸ். முறை. நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே ஒரு கணிப்பொறி காவலராக அமர்த்தப்படுகிறது. அது மட்டும் மைக்ரோசாஃப்டிடம் ஒப்புதல் பெறும்; மற்றவை அதனிடம் ஒப்புதல் பெறும். குறைந்தது 25 மேசைக் கணிப்பொறிகளாவது வந்து கேட்டால்தான் அவற்றுக்கு ஒப்புதல் தரும். சர்வர்களுக்கு 5 போதும். ஒப்புதலின் ஆயுள் 180 நாட்கள். 7 நாட்களுக்கு ஒருமுறை கணிப்பொறி தானே சென்று புதுப்பிக்க முயலும். நிறுவனத்தை விட்டு வெளியேறிய கணிப்பொறி நாளடைவில் ஒப்புதலை இழந்துவிடும். விடுதி வருகைப் பதிவேடு போன்றதுதான் இது! 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், ஆக்டிவ் டைரக்டரி வழியாகவும் இது நடைபெறுகிறது.

இயந்திரம் ஒப்பினால் போதுமா?

இங்குதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கே.எம்.எஸ். காவலர் 25-க்குக் குறையாமல் எண்ணுமே தவிர, உச்ச வரம்பு பார்ப்பதில்லை. நூறு உரிமம் வாங்கிவிட்டு இருநூறு கணிப்பொறிகளை இயக்கினாலும் அது ஒப்புதல் தரும். எனவே ஆக்டிவேஷன் வேறு, உரிமம் வேறு. ஆக்டிவேஷன் ஒரு பூட்டு. உரிமம் ஒரு பத்திரம். வழக்கென்று வந்தால் பத்திரமே பேசும்.

போலிக் காவலர்களும் உண்டு. கே.எம்.எஸ். போல நடித்துக் கணிப்பொறியை ஏய்க்கும் நிரல்கள் அவை. வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லியே பல உள்ளே நுழைகின்றன. யார் எழுதினார் என்று தெரியாத ஒன்றிடம் வீட்டுச் சாவியை முழுவதுமாக ஒப்படைப்பது அறிவுடைமை ஆகுமா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, அறிந்தே திருட்டு நிரலைக் கணிப்பொறியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் 2 லட்சம் வரை தண்டமும் விதிக்கப்படலாம். ஆதாய நோக்கம் இல்லாதவிடத்துச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. அலுவலகத் தொழிலுக்குப் பயன்படுத்துவோர்க்கு அந்தச் சலுகை கிட்டுவது அரிது.

மாற்று வழி

பணமில்லாத நிறுவனம் என்ன செய்வது? 1991-ல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இருக்கிறது. சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதன் வழிவந்ததே. இவற்றுக்கு ஆக்டிவேஷன் தேவையில்லை. ஆயினும் உரிமம் உண்டு: லினக்ஸின் மையநிரலை மாற்றிப் பிறர்க்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் வழங்க வேண்டும். மறைப்பதைத் தடுக்க ஓர் உரிமம்!

நம் பொறுப்பு

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நாளை ஏதேனும் ஒரு சிறு அலுவலகத்தில் கணிப்பொறிகளின் பொறுப்பு நம்மிடம் வரும். "எப்படியாவது போட்டுக் கொடு, தம்பி" என்பார் முதலாளி. வேலை போய்விடுமோ என்ற அச்சமும் எழும். அப்போது மறுத்தால் மட்டும் போதாது. எத்தனை கணிப்பொறிகள், எத்தனை உரிமங்கள், ரசீது எங்கே என்று பட்டியலிட்டு முன்வைக்க வேண்டும். பணமில்லையெனில் லினக்ஸை நிறுவிக் காட்ட வேண்டும். பட்டம் பெற்றவன் சொல்லுக்கு மதிப்பு அப்படித்தான் வரும் என்பது என் துணிபு.